எச்சில் படாத முடிச்சு

சிவநேசன் அரசாங்க ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் பார்த்தவர். பென்ஷனுக்குப் பிறகு பார்க்க ஃபைல் இல்லாமல் மனுஷன் தவித்துப்போனார். கடைசியில் தூண்டில் நரம்பில் போடும் கண்ணி முடிச்சுக்கே ஒரு ஃபைல் திறந்துவிட்டார். எட்டு மாதிரி வளைத்துப் போடும் கண்ணி, இரண்டு சுற்றுக் கண்ணி, ஐந்து சுற்றுக் கண்ணி என்று வகைக்கொரு பக்கம். சுபாங் ஜெயா வீட்டுக் கதவுப்பிடியில் நரம்பை மாட்டி, பயணப்பெட்டி நிறுக்கும் தராசால் இழுத்து, எத்தனை கிலோவில் அறுந்தது என்று சிவப்பு மையில் குறிப்பார். எல்லாமே அறுந்தன. குற்றம் நரம்பு செய்த கம்பெனிமேல்தான் என்று அடியில் கையெழுத்து வேறு.

குற்றம் எங்கே என்று கிள்ளானில் லோரி ஓட்டும் கன்னையாவுக்குத் தெரியும். சிவநேசனின் மகள் வாணியை மருமகளாக எடுத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் டெங்கில் பக்கம் காசு கட்டி மீன் பிடிக்கும் குளத்துக்குப் போவார்கள். கன்னையா முடிச்சைப் போட்டதும், இறுக்குவதற்கு முன்னால் வாயில் வைத்து நனைப்பார்.

"காஞ்ச நரம்ப இழுத்தா சூடேறி வெந்துரும், சம்பந்தி. எச்சி பட்டா வழுக்கிக்கிட்டுப் போய் உக்காந்துக்கும். அவ்ளோதான் லா."

"எச்சிலா? சீ! மிஸ்டர் கன்னையா, இது சயின்ஸ்."

சம்பந்தி என்ற சொல் சிவநேசன் வாயிலிருந்து வந்ததே இல்லை. கல்யாணம் பேசப் போன அன்றைக்கே, தேத்தண்ணியை நீட்டிய கன்னையாவின் மனைவி வள்ளியம்மாவிடம், "டம்ளர் வேணாம், பேப்பர் கப்பு இருந்தா பாருங்க" என்றவர்தானே! வள்ளியம்மா பாவம், செருப்புகூடப் போடாமல் பக்கத்துக் கடைக்கு ஓடினாள். லோரிக்காரன் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுக்கலாமாம், அந்த வீட்டு டம்ளரில் வாய் வைக்கக் கூடாதாம். நல்ல கதையாக இருக்கிறது.

தொடர்ந்து மூன்று ஞாயிறும் சிவநேசன் வெறுங்கையோடு திரும்பினார். கன்னையா பாவம் பார்த்துக் கொடுத்த மீனைத்தான் சிவநேசனின் மனைவி ஜனகா குழம்பு வைத்தாள். வைத்தவள் சும்மா இருந்தாளா? "கன்னையா அண்ணனுக்கு என்ன கைராசிங்க!" என்று புருஷன் வயிற்றெரிச்சலை வேறு கிளப்பினாள். நாலாவது ஞாயிறு ராச்சாப்பாட்டுக்குப் பழைய ஆபீஸ் ஆட்கள் ஆறு பேரை அவரே கூப்பிட்டு வைத்தார்.

"கடையில மீன் வாங்காத. அந்தாள் மீனும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. இன்னைக்கு நான் புடிக்கிற மீன்தான் குழம்பு."

பிடித்தார் பாருங்கள்! பதினோரு மணிக்கு ஒரு பெரிய பாத்தின் மீன் கடித்தது, ஐந்து சுற்றுக் கண்ணி பட்டென்று போனது. ஒரு மணிக்கு இன்னொன்று, எட்டுக் கண்ணியும் போனது. நனைக்கத்தானே வேண்டும் என்று பாக்கெட்டிலிருந்து சானிட்டைசரை எடுத்துத் தடவினார். அது இறுக்குவதற்குள் காய்ந்துவிட்டது, மூன்றாவது மீனும் தூண்டில் முள்ளோடு போனது. குளத்துத் தண்ணீர் ஒரே சேறு, அந்த மண் நரம்பைக் கீறிவிடும். கொண்டுவந்த மினரல் வாட்டரை வெயிலுக்கு அவரே குடித்துத் தீர்த்திருந்தார்.

மணி நாலரை. ஐந்துக்குக் குளத்தை மூடிவிடுவார்கள். பெட்டியில் மிச்சம் ஒரே ஒரு முள். ஜனகா மூன்றாம் தடவையாகப் போன் செய்தாள்.

"புளி கரைச்சு வச்சிட்டேன். உங்க ஆளுங்க கிளம்பிட்டாங்களாம். மீன் எங்கங்க?"

சிவநேசன் இரண்டு பக்கமும் பார்த்தார். கன்னையாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு முடிச்சை வாயில் வைத்தார். நாக்கு அதில் ஒட்டிக்கொண்டது. பயத்தில் வாய் வறண்டு ஒரு சொட்டு எச்சில் ஊறவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பியூன்களை விரட்டிய வாய்க்கு வந்த கதி!

எழுந்து நாலடி நடந்தார். முடிச்சு உள்ளங்கையில் இருந்தது.

"சம்பந்தி..."

கன்னையா திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல் தனக்குத்தானா என்று பின்னாலும் ஒருமுறை பார்த்தார்.

"எனக்கு வாய் காஞ்சு போச்சு, சம்பந்தி. இதுல கொஞ்சம்... உங்க எச்சில்..."

கன்னையா தூண்டில் கம்பை நிதானமாகக் கீழே வைத்தார்.

"அதுக்கென்ன சம்பந்தி, தாராளமா! அப்படியே துப்பவா, இல்ல பேப்பர் கப்புல வேணுமா?"