சந்தனம் வைத்த மூன்றாவது ஃபேடர்

விருகம்பாக்கம் நவரத்னா பிளாட்ஸில் ஒன்பது வீடுகள். அதில் எட்டு வீட்டுக்காரர்களின் குரலும் முதல் வீட்டுக் குழந்தைவேலுவின் ஹாலில், மேஜைமேல், ஒரு பலகையில் இருந்தது. யாருக்காவது குரல் போதவில்லை என்றால் கதவைத் தட்டி, "சார், என்னைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் ஏற்றி விடுவார்.

குழந்தைவேலு ரிக்கார்டிங் என்ஜினியர். இருபத்து மூன்று வருஷம் அடுத்தவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, கடைசியில் சொந்த ஹாலிலேயே ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மைக்கும் போட்டுக்கொண்டவர். மவுஸைப் பிடித்து ஒவ்வொரு கோடாக இழுத்து இழுத்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதனால்தான் இந்தப் பலகையை வாங்கினார். அதில் மேலும் கீழும் தள்ளுகிற எட்டு ஃபேடர்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குட்டி மோட்டார். கம்ப்யூட்டர் சொன்னால் ஃபேடர் தானே ஏறும், தானே இறங்கும். ஆனால் யாராவது விரல் வைத்தால் மோட்டார் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். விரல் இருக்கிறவரை விரல் வைத்ததுதான் சட்டம்.

புதுப் பலகைக்கு எந்த ஃபேடர் எந்தச் சத்தத்துக்கு என்று முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கென்று 'லேர்ன்' என்று ஒரு பட்டன் உண்டு. குழந்தைவேலு அதை அமுக்கிவிட்டு ஒரு பாட்டைத் திறக்கப் போனார். அதற்குள் வெளியே வராந்தாவில் காலைத் தண்ணிச் சண்டை ஆரம்பித்துவிட்டது. பலகை காது கொடுத்துக் கேட்டு, எட்டு வீட்டையும் கதவு நம்பர்படி கற்றுக்கொண்டது. ஒன்பதாம் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், வீடு ஆறு வருஷமாகப் பூட்டு. சண்டைக்கு வரவில்லை என்றாலும் அதற்கும் ஒரு இடம் போட்டு, எட்டாவது ஃபேடருக்கு வலப்பக்கம், பலகைக்கு வெளியே நிறுத்தி வைத்தது.

ஒயரைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று அவர் பிடுங்கியும் பார்த்தார். எல்லார் குரலும் இருந்த அளவிலேயே நின்றது. திரும்பச் செருகிவிட்டார்.

முதல் வாரம் ஒன்றும் சிரமம் இல்லை. பாட்டுக்காரர்களோடு பழகினவருக்கு இது தெரிந்த தொழில்தான். வயலின்காரர் வந்து வயலின் கேட்கவில்லை என்பார், தபலாக்காரர் வந்து தபலா கேட்கவில்லை என்பார். அடுத்தவர் கேட்கவில்லை என்று சொல்ல இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. வார முடிவில் எட்டு ஃபேடரும் உச்சியில் இருந்தன. யாருக்கும் யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் மூன்றாம் வீட்டு வரதராஜுலு வந்தார். சங்கச் செயலாளர். பதினோரு வருஷமாகச் செயலாளர். மொட்டைமாடிச் சாவியும் மோட்டார் சுவிட்சும் அவரிடம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பலகையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன்யா குழந்தைவேலு, எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்கன்னு வச்சுக்க. நான் பேசறது மட்டும் கேக்கணும். அதுக்கு எந்தப் பட்டன்?"

"சோலோன்னு இருக்கு சார். உங்க ஃபேடர் மேல அதை அமுக்கினா மத்தவங்க எல்லாம் கட்."

"ஓஹோ. சும்மாதான் கேட்டேன்."

அன்று சாயங்காலம் பொதுக்குழு அதே ஹாலில் கூடியது. பலகை மொட்டைமாடிச் சாவி மாதிரி பொதுச் சொத்து, செயலாளர் தவிர யாரும் தொடக்கூடாது, செயலாளர் வாயால் சொன்னால்தான் தொடலாம் என்று தீர்மானம். எல்லாரும் வாயைத் திறந்தார்கள். நான்காம் வீட்டு மங்கையர்க்கரசி எழுந்து நின்று, கையை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்க எதையோ கேட்டாள். மினிட்ஸ் புத்தகத்தில் வரதராஜுலு எழுதினார்: 'எதிர்ப்புக் குரல் எதுவும் எழாததால் ஏகமனதாக நிறைவேறியது.' பொய் சொல்ல முடியாது. எதுவும் எழவில்லை.

கூட்டம் முடிந்து அவர் சோலோவை எடுத்ததும் மங்கையர்க்கரசி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "...அதான் கேக்கறேன், உங்க வீட்ல குளிக்கிற நேரத்துக்கு மட்டும் எப்படி சார் கரெக்டா மோட்டார் ஓடுது?"

"ஆ..." என்றார் இரண்டாம் வீட்டு மாணிக்கவாசகம். டெலிபோன்ஸில் ரிட்டயர் ஆனவர். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

வரதராஜுலு இரண்டாவது ஃபேடரையும் நான்காவது ஃபேடரையும் அடிமட்டத்துக்கு இறக்கினார். தன்னுடைய மூன்றாவதை உச்சிக்கு ஏற்றினார். மறுநாள் காலை அவர் தன் வீட்டுக்குள்ளிருந்து "மோட்டாரை ஆஃப் பண்ணு" என்றார். நாலு தெரு தள்ளி இருந்தவர்கள்கூட அவரவர் மோட்டாரை ஆஃப் பண்ணிவிட்டார்கள்.

மங்கையர்க்கரசி சினிமாவில் கோரஸ் பாடுகிறவள். பத்தொன்பது வருஷமாக எட்டுப் பேரோடு நின்று 'ஓ...' என்றும் 'ஆ...' என்றும் பாடியிருக்கிறாள். மனிதர் பேசுகிற வார்த்தை ஒன்றுகூட அவள் பங்குக்கு வந்ததில்லை. இப்போது வந்திருந்தது. சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில், விஜயதசமி காலை ஒன்பது மணிக்கு, நாலு வரி. தனியாக. விஜயதசமி அன்று ஆரம்பித்தால் பாட்டு விளங்கும் என்று அந்த மியூசிக் டைரக்டருக்கு நம்பிக்கை. ஒன்பதே காலுக்குள் குரல் பதிவாகவில்லை என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

அவள் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் இதையெல்லாம் எழுதி குழந்தைவேலுவிடம் கொடுத்தாள். வேறு வழியில்லை, ஃபேடர் அடிமட்டத்தில் இருந்தது.

"நான் சார்கிட்ட பேசறேம்மா" என்றார் அவர்.

பேசினார்.

"பூஜை முடியட்டும், பார்க்கலாம்" என்றார் வரதராஜுலு.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் பூஜைக்கு வைக்கிற சாமான்களில் பலகையும் சேர்ந்தது. மோட்டார் ஸ்பேனர், மொட்டைமாடிச் சாவி, மினிட்ஸ் புத்தகம், பலகை. குழந்தைவேலுவின் மனைவி தெய்வானை பொரிகடலையும் சுண்டலும் வைத்தாள். வரதராஜுலு குளித்து, நெற்றி நிறைய இட்டுக்கொண்டு வந்து, எட்டு ஃபேடருக்கும் தன் கையாலேயே சந்தனம் வைத்தார். அதன்மேல் குங்குமம். தன்னுடையதற்கு மட்டும் சந்தனம் சற்றுத் தாராளம்.

சந்தனம் ஈரம். ஈரம் பட்டால் பலகைக்கு அது விரல். எட்டு விரல் எட்டு ஃபேடரைப் பிடித்துக்கொண்டன. மோட்டார்கள் ஒதுங்கிக்கொண்டன. இப்போது கம்ப்யூட்டரே சொன்னாலும் ஒன்றும் நகராது.

"சார், காலைல மங்கைக்கு ஒன்பது மணிக்கு..." என்று ஆரம்பித்தார் குழந்தைவேலு.

"பூஜையில வச்சதை மறுநாள் நல்ல நேரம் பார்த்துதான்யா எடுக்கணும். நாளைக்கு நல்ல நேரம் பத்தரைக்கு. இது நான் போட்ட சட்டமா?"

அது அவர் போட்ட சட்டம் இல்லைதான்.

விஜயதசமி காலை எட்டரைக்கு மங்கையர்க்கரசி பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வரதராஜுலு ஹாலில் பலகைக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெய்வானை கொடுத்த காபி அவர் கையில் இருந்தது. மங்கையர்க்கரசி குழந்தைவேலுவைப் பார்த்தாள். காலண்டர் தாளில் ஒரே ஒரு வார்த்தை எழுதி நீட்டினாள். 'போகட்டுமா?'

"போங்கம்மா. போய் மைக் முன்னாடி நில்லுங்க" என்றார் குழந்தைவேலு.

அவள் ஆட்டோ ஏறினாள்.

"சத்தமே இல்லாம என்னத்தப் பாடப் போகுது?" என்றார் வரதராஜுலு, பேப்பரிலிருந்து கண் எடுக்காமல். நாலு தெருவுக்கு அது கேட்டது. ஆட்டோவுக்கும் கேட்டிருக்கும்.

குழந்தைவேலு மேஜையைப் பார்த்தபடி நின்றார். பலகையில் சந்தனம். கம்ப்யூட்டர் திரையின் நெற்றியில் சந்தனம். மைக்கின் தலையில் சந்தனம். கீபோர்டில் இல்லை. நேற்று அதற்கு வரும்போது கிண்ணம் காலியாகிவிட்டது.

"சார், கீபோர்டைத் தொடலாமா?"

"சந்தனம் இருக்கா?"

"இல்லை சார்."

"அப்ப அது பூஜையில இல்ல. தாராளமாத் தொடு."

மணி எட்டு ஐம்பத்தாறு. கீபோர்டில் ஒரு அம்புக்குறி உண்டு. எட்டுக்கு மேல் ஆட்கள் இருந்தால் வரிசையை ஒரு இடம் நகர்த்துவதற்கு. ஃபேடர்கள் அங்கேயே இருக்கும், ஆட்கள் மட்டும் ஒரு இடம் இடப்பக்கம் தள்ளிக்கொள்வார்கள். யார் எந்த ஃபேடரின் கீழ் வருகிறார்களோ, அங்கே விரல் எங்கே பிடித்திருக்கிறதோ, அதுதான் அவர்கள் அளவு. குழந்தைவேலு அதை ஒரே ஒரு தடவை அமுக்கினார்.

முதல் வீட்டுக்காரரான அவர் பலகையின் இடது ஓரத்துக்கு வெளியே போனார். மாணிக்கவாசகம் முதல் ஃபேடருக்கு வந்தார். வரதராஜுலு இரண்டாவதுக்கு. மங்கையர்க்கரசி மூன்றாவதுக்கு. ஐந்தாம் வீட்டில் நாள் முழுக்கச் சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டி நான்காவதுக்கு.

பக்கத்து வீட்டில் மாணிக்கவாசகம் "...மா" என்றார். இறக்கின அன்று பாதியில் நின்றது.

வரதராஜுலு பேப்பரைத் திருப்பினார். காபியில் சர்க்கரை போதவில்லை போலிருக்கிறது, தெய்வானையைப் பார்த்து வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். தெய்வானை "இன்னும் ஒரு வாய் காபியா சார்?" என்று டபராவை நிரப்பிவிட்டுப் போனாள்.

ஒன்பது மணி மூன்று நிமிஷத்துக்குச் சாலிகிராமத்திலிருந்து மங்கையர்க்கரசியின் குரல் ஜன்னல் வழியாக வந்தது. "வணக்கம் சார்" என்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நாலு வரி பாடினாள். தெருவில் காய்கறி வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். மூன்றாவது வரியில் ஒரு இடத்தில் சுருதி லேசாகக் கீழே போயிற்று. குழந்தைவேலு கண்ணைச் சுருக்கினார்.

"தெரியும் சார், மூணாவது லைன்ல... இன்னொரு டேக் போலாம் சார்" என்றது குரல்.

இரண்டாவது டேக்கில் ஒரு குறையும் இல்லை. மணி ஒன்பது பத்து.

பத்தரைக்கு நல்ல நேரம் வந்தது. எல்லாரும் ஹாலில் கூடி வரதராஜுலுவின் வாயைப் பார்த்தார்கள். செயலாளர் வாயால் சொன்னால்தான் தொடலாம் என்பது தீர்மானம். அவர் சொன்னார். கையை ஆட்டியும் சொன்னார். கை ஆட்டுவதைப் பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை. நல்ல நேரம் பன்னிரண்டுக்கு முடிந்தது. சந்தனம் காய்ந்துவிடாமல் தெய்வானை மரியாதையாக ஒரு சொட்டுப் பன்னீர் தெளித்துவிட்டாள்.

ஐந்தாம் வீட்டுப் பெண்டாட்டி ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தாள். 'நாங்க இப்படியே இருக்கோம். நல்லா இருக்கு.'

சாயங்காலம் பொதுக்குழு. மங்கையர்க்கரசி வந்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள், இருந்தும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாலு வரியையும் வைத்துக்கொண்டார்களாம். மைக்கை மட்டும் எடுத்துவிடச் சொன்னாராம் மியூசிக் டைரக்டர்.

செயலாளர் பதவிக்கு மாணிக்கவாசகத்தின் பெயரைக் குழந்தைவேலு முன்மொழிந்தார். மங்கையர்க்கரசி ஆதரித்தாள். நாலு தெருவில் அது கேட்டதால் நாலு தெருவும் ஆதரித்த மாதிரி ஆயிற்று. வரதராஜுலு எழுந்து நின்று, கையை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கால் மணி நேரம் பேசினார். மினிட்ஸ் புத்தகம் மாணிக்கவாசகம் கைக்கு வந்தது. அவர் முந்தின பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதினார்: 'எதிர்ப்புக் குரல் எதுவும் எழாததால்...'

"நான் எதிர்க்கிறேன்" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். வராந்தாக் கடைசியில் ஒன்பதாம் வீடு. வெளியே பூட்டு தொங்கியது. துருப்பிடித்த பூட்டு. காலையில் வரிசை நகர்ந்தபோது அந்த வீடு எட்டாவது ஃபேடருக்குக் கீழே வந்து சேர்ந்திருந்தது.

"ஆறு வருஷமா எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி விடலை. என்னைக் கேக்காம எப்படி ஏகமனதா?" என்றது ஒன்பதாம் வீடு.

மாணிக்கவாசகம் பேனாவை மூடி சட்டைப் பையில் செருகினார். மேஜைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குழந்தைவேலு, எட்டாவதுங்கறது இந்தக் கடைசில இருக்கிறதுதானே?"

"ஆமாங்க."

"தெய்வானைம்மா, வீட்ல சந்தனம் இருக்குமா? இதை இறக்கிட்டு மேல புதுசா ஒரு பொட்டு வைக்கத்தான், கொஞ்சூண்டு போதும்."

தெய்வானை உள்ளே போய்ச் சந்தனக் கல்லை எடுத்தாள். கல்லில் கட்டை உரசுகிற சத்தம் கேட்டது. ஒன்பதாம் வீடு, பூட்டுக்குப் பின்னால், தொண்டையைச் செருமிக்கொண்டு வேகமாகப் பேச ஆரம்பித்தது.