மிஸிஸ் நாதனின் கறி

செல்வமலர் லண்டனுக்கு வந்தால் முதலில் ஏறுவது ஃபாரஸ்ட் கேட் பகுதியில் தவநாயகியின் மாடிப்படியில்தான். குஜராத்திக்காரர் ஒருவரின் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் தவநாயகியுடையவை. குசினி ஜன்னலுக்குக் கீழே ரயில் பாதை. மலர் அந்த ஜன்னலோரம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தன்னுடைய ஊர்க் கதையைத் தொடங்குவாள்.

அவளுடைய ஊர் என்றால் இப்போது சஃபோக் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அவள் புருஷன் பத்மநாதன் அங்கே டொக்டர். ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு தபால் கந்தோர், மிச்சமெல்லாம் வயல்.

"ஒருத்தரும் கதவு பூட்டுறேல்லையடி. படலையடியிலை முட்டையை வைச்சிட்டு, பக்கத்திலை ஒரு பேணியும் வைப்பினம். எடுக்கிற ஆள் காசைப் போட்டிட்டு எடுக்கும்."

"இஞ்சை வைச்சால் பேணியையும் சேர்த்துத் தூக்குவாங்கள்," என்றாள் தவநாயகி.

"எனக்குக் காய்ச்சல் வந்தது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. மூண்டு பேர் சூப் கொண்டு வந்தவை. மூண்டும் லீக்ஸ் சூப்!" மலர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தவநாயகியும் சிரித்தாள். போன மாசிப் பனியில் அவளும் பத்து நாள் படுத்துக் கிடந்தாள். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியது குளியலறைத் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்லத்தான்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. இரசாயனச் செய்முறைப் பரீட்சையில் கண்ணால் கெஞ்சிக் கெஞ்சி விடை கேட்டவள் மலர். சொல்லிக் கொடுத்தவள் தவநாயகி. சொல்லிக் கொடுத்தவள் பட்டமும் எடுத்து, இப்போது ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் பாணுக்கு நடுவே வெள்ளரிக்காய் அடுக்குகிறாள். அவள் புருஷன் யோகராஜாவுக்குப் பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட். கேட்டவளுக்கு டொக்டர் மாப்பிள்ளை, ஆப்பிள் மரம், கதவு பூட்டாத வீடு.

அதையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது கறி விஷயம்.

அந்தக் கிராமத்தில் ஒவ்வொரு ஐப்பசி நெருங்கும்போதும் அறுவடை விருந்து நடக்கும். தேவாலயத்தில் பூசணிக்காயும் கோதுமைக் கதிரும் அடுக்கி நன்றி சொல்லிவிட்டு, அந்தச் சனிக்கிழமை ஊரே மண்டபத்தில் கூடிச் சாப்பிடும். முதல் வருஷம் மலரிடம் கறி கேட்டார்கள். மலருக்கு நாலு பேருக்கே ஒழுங்காகச் சமைக்க வராது. ஓடி வந்தாள் தவநாயகியிடம். தவநாயகி மல்லியைக் கூட்டி, மிளகாயைக் குறைத்து, தேங்காய்ப்பால் தாராளமாக விட்டு, வெள்ளைக்காரருக்கு ஏற்ற பதத்தில் இரண்டு பெரிய சட்டி கோழிக்கறி வைத்துக் கொடுத்தாள். பத்மநாதன் காரில் வைத்துக் கொண்டுபோனான். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும்.

இந்த முறை மலர் வரும்போது தேவாலயச் சஞ்சிகையையும் கொண்டு வந்திருந்தாள்.

"பாரடி, என்ரை பேர் போட்டிருக்கு."

விருந்து அறிவித்தலுக்குக் கீழே, மிஸிஸ் நாதனின் புகழ்பெற்ற கறி மீண்டும் உண்டு என்று அச்சாகியிருந்தது.

"நல்லாயிருக்கு," என்றாள் தவநாயகி.

"இந்தமுறை நீயும் வா தவம். கட்டாயம் வரவேணும். எனக்கு நீ அங்கை நிக்கவேணும்."

எதற்கு? பரிமாறவும் சட்டி கழுவவும்தானே என்று தவநாயகி நினைத்தாள். "ஓம், வாறன்," என்றாள்.

விருந்து நாள் புரட்டாதிச் சனி. இரண்டு பேருக்கும் விரதம். மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது. போன வருஷங்களில் விருந்துச் சனி புரட்டாதிக்குள் விழுந்தபோது, தவநாயகி கோழிக்கறியை யோகராஜாவுக்குக் கொடுத்துத்தான் ருசி பார்த்தாள். இன்று அவன் ஷிப்ட் முடிந்து அறைக்குள் நித்திரை.

அவள் தூள் போத்தலைத் திறந்தாள். அது வெள்ளைக்காரருக்கென்று வறுத்த தூள் அல்ல. வீட்டுத்தூள், நல்ல சிவப்பு. ஒரு கரண்டி போட்டாள். கை நிற்கவில்லை. புகழ்பெற்ற மிஸிஸ் நாதன் என்று மனம் சொல்லச் சொல்லக் கரண்டி போத்தலுக்கும் சட்டிக்குமாகப் போய்வந்தது. தேங்காய்ப்பால் பேணியை உடைக்கவேயில்லை. யாராவது கேட்டால் மறுமொழி இருந்தது. விரதம், ருசி பார்க்கவில்லை. கடவுளே கொடுத்த சாட்டு.

காரில் இரண்டு மணித்தியாலம். மலர் வழி முழுவதும் கதைத்தாள். இது பெனடிக்ற் பாதிரியாரின் நாய், இது தேவாலய மணி அடிக்கிறவரின் வீடு, இந்த வளைவில் முயல் ஓடும். வழியில் போனவர்களெல்லாம் காரைப் பார்த்துக் கையாட்டினார்கள். தவநாயகி கணக்கு வைக்காமல் இருக்கப் பார்த்தாள். ஃபாரஸ்ட் கேட்டில் இத்தனை வருஷமாக அவளுக்குக் கையாட்டியது பஸ் சாரதி ஒருவர்தான், அதுவும் வழிவிட்டதற்கு.

மண்டபத்தில் நீள மேசைகள். கிழவர்கள் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார்கள். தவநாயகி சட்டிகளைச் சூடாக்கி, பரிமாறுகிற மேசையில் வைத்து, பின்னால் ஒதுங்கி நின்றாள். எல்லாத் தட்டுகளும் நிறைந்தபோது மலர் ஒரு கரண்டியால் கிளாசைத் தட்டினாள்.

"நான் உங்களுக்கு ஒரு உண்மை சொல்லவேண்டும்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "இது மிஸிஸ் நாதனின் கறி இல்லை. மூன்று வருஷமும் இல்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது. இவ்வளவு காலமும் நீங்கள் சாப்பிட்டது என் சிநேகிதியின் கைச்சமையல். அவள் பெயர் தவநாயகி. இதோ நிற்கிறாள்."

எல்லோரும் திரும்பினார்கள். கைதட்டினார்கள். பாதிரியார் எழுந்து நின்றே தட்டினார். தவநாயகிக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் போலிருந்தது. முன்வரிசையில் ஒரு மூதாட்டி அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

புன்னகை அப்படியே நின்றது. கண் மட்டும் நிறைந்தது.

மண்டபம் அமைதியானது. ஒருவர் இருமினார். ஒருவர் தண்ணீர்க் குவளையை மெல்லத் தன் பக்கம் நகர்த்தினார். பாதிரியாரின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போனது. "அருமை," என்றார். "மிகவும் அருமை." ஒருவரும் உறைக்கிறது என்று சொல்லவில்லை. ஒருவரும் இரண்டாம் தரம் முள்ளுக்கரண்டியைத் தூக்கவும் இல்லை.

மலர் பாதிரியாரின் தட்டைப் பார்த்தாள். பிறகு தவநாயகியைப் பார்த்தாள். கனநேரம் பார்க்கவில்லை.

"எங்களுக்கு இன்று விரதம்," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "அதனால் அவள் ருசி பார்க்காமல் சமைத்திருக்கிறாள். எங்கள் வீடுகளில் இப்படித்தான் உறைக்கும். இன்றைக்கு நீங்கள் உண்மையான யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்கிறீர்கள்."

தவநாயகி வைத்திருந்த சாட்டை மலர் எடுத்து அவளுக்காகச் சொல்லிவிட்டாள்.

பிறகு மலர் ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டு, மேலே கோழிக்கறி போட்டு, பாதிரியாருக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். புரட்டாதிச் சனி. பத்மநாதன் "மலர்!" என்று மெதுவாகக் கூப்பிட்டான். அவள் கேட்காததுபோல் கையாலேயே பிசைந்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். மூக்கு ஒழுகியது. அடுத்த கவளம் எடுத்தாள்.

மூதாட்டி தன் முள்ளுக்கரண்டியைத் தூக்கினார். பக்கத்திலிருந்தவர் தூக்கினார். மேசை மேசையாக எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ ஓடிப்போய்ப் பப்பிலிருந்து பியர் கொண்டு வந்தார்கள். கண்ணீர் வழிய வழிய ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

மலருக்காகச் சாப்பிடுகிறார்கள் என்று தவநாயகிக்கு விளங்கியது. தான் எரித்துக் கொடுத்ததையும் மலருக்காக விழுங்குகிறார்கள். கைதட்டல் தனக்குக் கிடைத்தது. இது மலருக்கு. தான் ஒரு சட்டி நெருப்பைக் கொண்டு வைத்தாலும் அதை அவளுக்காகச் சாப்பிட ஒரு ஊர் இருக்கிறது. அந்த நேரத்திலும் அவளுக்கு வெட்கத்தைவிடப் பொறாமைதான் கூடுதலாக இருந்தது.

அவள் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக்கொண்டு மலருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"குடி மலர். நான் ருசி பாக்கேல்லை. அதுதான்..."

மலர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உப்பு அளவாயிருக்கு," என்றாள். "புளி அளவாயிருக்கு. இறைச்சி பதமா அவிஞ்சிருக்கு. ருசி பாக்காமலே எல்லாம் சரி. தூள் மட்டும் பிழைச்சுப்போச்சு, என்ன?"

தவநாயகி தண்ணீர்க் கிளாசை நீட்டினாள். அதற்குள் அந்த மூதாட்டி எழுந்து வந்து மலருக்கு முன்னால் ஒரு பெரிய கிளாஸ் பால் வைத்துவிட்டு, அவள் தோளைத் தடவிவிட்டுப் போனார். மலர் பாலை எடுத்துக் குடித்தாள்.

தவநாயகி தண்ணீர்க் கிளாசோடு நின்றாள்.