சுட்டாலும் சாகாத வான்கோழி

இருபது தப்படி தூரத்தில் கழுத்தை நீட்டி நின்ற வான்கோழி எப்படிப் பிழைத்தது? டெல்பர்ட் கிரவுடருக்கு விளங்கவே இல்லை. துப்பாக்கி வெடித்தது. புகை விலகியபோது அந்த வான்கோழிச் சேவல் அதே இடத்தில் நின்று, வெடிச் சத்தத்துக்குப் பதில் சொல்வதுபோல் கடகடவென்று கூவிவிட்டு நடந்து போனது. தொடர்ந்து மூன்றாவது காலை இது. அவனோடு வேட்டைக்குப் போயிருந்த நான், கோழி நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த ஓக் மரத்தைத் தடவிப் பார்த்தேன். ஓர் ஈய ரவைகூடப் பட்டிருக்கவில்லை.

"சுட்டப்போ தோள்ல துப்பாக்கியோட உதை எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பூனைக்குட்டி முட்டுன மாதிரி இருந்துச்சு."

மறுநாள் பகல் ஒரு மணியோடு வேட்டைப் பருவம் முடிகிறது. அதற்குள் ஒரு வான்கோழியாவது விழாவிட்டால், டெல்பர்ட் பதினோரு வருடமாக வளர்த்த தாடியை மச்சான் வர்ஜில் தேவாலய விருந்தில் எல்லோர் முன்னாலும் மழிப்பான். அப்படித்தான் பந்தயம்.

வர்ஜில் டெல்பர்ட் வீட்டு வாசலிலேயே காத்திருந்தான். "மச்சான், சத்தம் கேட்டுச்சு, சபாஷ்! கோழிக்குக் காது செவிடாச்சா, இல்ல அதுவும் தப்பிச்சுதா?"

"போடா, தோட்டாவைச் செருகிச் சுடுற சோம்பேறி!"

டெல்பர்டின் துப்பாக்கி சிக்கிமுக்கிக் கல் வைத்தது. குழலின் வாய்வழியாக ஓர் அளவு வெடிமருந்து, அதை அடைக்க ஒரு தக்கை, அதே அளவு ரவை, அதன்மேல் இன்னொரு தக்கை என்று வரிசையாக இறக்கிக் கோலால் இடிக்க வேண்டும். பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் கொஞ்சம் மருந்து தூவினால், கல் உரசும் பொறி அதில் பற்றி, துளை வழியாக உள்ளே பாயும். பழங்கால உடுப்பில் ஆண்டுதோறும் கூடும் கூட்டத்தில் டெல்பர்ட் ஒருவன். 1780க்குப் பிந்திய எதையும் குழலுக்குள் விடமாட்டான். அதனால் தக்கைக்குக் காகிதம் போலிருக்கும் குளவிக்கூட்டைக் கிழித்துத் திணித்தான்.

"யோவ், பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா," என்றாள் அவன் மனைவி ட்வைலா.

இடது பூட்ஸைக் கழற்றித் தட்டினான். சின்னச் சின்னக் கறுப்பு உருண்டைகள் பலகைத் தரையெங்கும் உருண்டன.

"அய்யய்யோ, இதென்ன, எலிப் புழுக்கையா?"

"மூணு நாளா இந்தக் கால் குத்துச்சு. வாதம்னு நெனச்சேன்."

நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஈயம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பனி உள்ளே இறங்காமலிருக்க, டெல்பர்ட் கிண்ணத்தில் மருந்து போடாமல் துப்பாக்கியைத் தோளில் தலைகீழாகத் தொங்கவிட்டு நடப்பான். குழலின் வாய் அவன் தொளதொள பூட்ஸுக்கு நேர் மேலே ஆடும். லேசான குளவிக்கூடு ஒவ்வொரு அடிக்கும் தளர்ந்து விழ, ரவை காலுக்குள் கொட்டியிருக்கிறது. அடித்தக்கை மட்டும் மருந்தைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாளும் அவன் கோழியைச் சுட்டது வெறும் சத்தத்தால்.

"கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா அட்டையை வெட்டித் தக்கையாப் போடு," என்றாள் ட்வைலா.

"1780ல ஏதுடி கார்ன்ஃப்ளேக்ஸ்?"

"கம்பளித் தொப்பி இருந்துச்சா?"

"பேஷா இருந்துச்சே! நான் போட்டிருக்கிறதே அந்தக் காலத்து..." என்று பெருமையாக ஆரம்பித்தவன், அவள் கையில் கத்திரிக்கோலைப் பார்த்ததும் நிறுத்தினான். "ட்வைலா, வேணாம்!"

"தாடியா, தொப்பியா?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான்.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு வான்கோழி விழுந்தது. துப்பாக்கி உதைத்த உதையில் டெல்பர்டும் விழுந்தான். வர்ஜில் கோழியை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, சவரக்கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ரவைக்கு மேல், குழலைவிட மயிரிழை அகலமாக வெட்டிய தடித்த கம்பளித் தக்கையை இறுக்கி இடிக்க வேண்டும், நடக்கும்போது குழலின் வாய் வானத்தைப் பார்க்க வேண்டும்.