உப்புக்குச் சப்பாணி

ஆஸ்பத்திரி கால்பந்து அணியின் கோல்கீப்பரை எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பது பாதிக் காரணம். எதிராளி பத்தடி ஓடினால் போதும், எந்தக் காலை நம்புகிறாள், எந்தப் பக்கம் திரும்பப் பயப்படுகிறாள் என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாள் என்பது மீதிக் காரணம். அந்தத் திறமையோடு இளக்காரமும் சேர்ந்தே வளர்ந்திருந்தது.

அன்று நூல் மில் பெண்களோடு அரையிறுதி. அவர்கள் வரிசையாக நின்று உடம்பை வளைப்பதைப் பார்த்தபோதே அவளுக்குக் கொட்டாவி வந்தது.

பத்தே நிமிடத்தில் எல்லோரையும் படித்து முடித்துவிட்டாள். ஒன்பதாம் எண்காரிக்கு இடது கால் என்பது செருப்பு மாட்டிக்கொள்ள மட்டும். ஏழாம் எண்காரி பந்தைத் தட்டுவதற்கு முன் அந்தத் திசையைப் பார்த்து, ஊருக்கே தபால் போட்டுவிடுவாள். தலைவி பத்தாம் எண்காரி காலுறையை இழுத்துவிட்டால் ஃப்ரீ கிக் உயரப் போகும். இழுக்காவிட்டால் தரையோடு வரும்.

"ஒன்பதை இடப்பக்கம் தள்ளு! அது இரவல் காலு!" என்று மைதானமே கேட்கக் கத்தினாள். தள்ளினார்கள்; ஒன்பதாம் எண்காரி தடுமாறி விழுந்தாள். "இதுக்கெல்லாம் யாரு ஜெர்சி தெச்சுக் குடுத்தது?" என்று முனகிக்கொண்டாள் எக்ஸ்ரே.

இடைவேளை வரை யாரும் கோல் போடவில்லை. இடப்பக்கத் தடுப்பில் ஆடியவள் அவளுடைய நாத்தனார். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அந்த நாலாம் நம்பர் நடுக்கோட்டுகிட்டயே சும்மா நிக்கறா. எனக்கென்னமோ சரியாப் படல."

"அவளா? உப்புக்குச் சப்பாணி. பதினொரு தலை வேணுமேன்னு இழுத்துட்டு வந்திருப்பாங்க. பந்து கால்ல பட்டா மன்னிப்புக் கேப்பா. விடு."

இரண்டாம் பாதியில் பத்தாம் எண்காரி ஃப்ரீ கிக்குக்கு முன் காலுறையை இழுத்துவிட்டாள். எக்ஸ்ரே சிரித்தாள். பந்து உயர வந்தது. பழம் பறிப்பதுபோல் பிடித்தாள்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது பந்து ஏழாம் எண்காரியிடம் போயிற்று. "வலப்பக்கம்தான் குடுப்பா! அடைங்கடி!" என்று விரலை நீட்டியபடி எக்ஸ்ரே கோலை விட்டு பெனால்டி பெட்டியின் விளிம்புவரை வந்துவிட்டாள். சொன்னபடியே ஏழாம் எண்காரி வலப்பக்கம்தான் தட்டினாள். பந்து தடுப்பாட்டக்காரியின் காலில் பட்டுத் தெறித்து, சும்மா நின்ற நாலாம் எண்காரியிடம் உருண்டது. அவள் அதை நிறுத்தக்கூட இல்லை. ஒரே அடி. தலைக்கு மேல் போன பந்தைத் துரத்தி எக்ஸ்ரே ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது பந்து வலைக்குள் கிடந்தது.

ஆட்டம் அந்த ஒரு கோலோடு முடிந்தது. கை குலுக்கும்போது எக்ஸ்ரேவால் வாயை அடக்க முடியவில்லை.

"குருட்டடி நல்லாத்தான் விழுந்துச்சு."

"குருட்டடி இல்லக்கா," என்றாள் நாலாம் எண்காரி, மெதுவாக. "யாரையாவது அதட்டணும்னா நீங்க முன்னால வந்துடறீங்க. முதல் பாதியில மட்டும் பன்னெண்டு தடவ. பந்து வரட்டும்னு நின்னேன். பாவம், உங்ககிட்ட இதை யாரும் சொன்னதே இல்லையா?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அந்தப் 'பாவம்' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

உடை மாற்றும் அறையில் நாத்தனாரிடம் கேட்டாள்: "நெஜமா பன்னெண்டு தடவையா வந்தேன்?"

"தெரியல அண்ணி. நீங்க கத்தறப்ப நாங்க யாரும் திரும்பியே பாக்கறதில்ல."

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டத்துக்கு இருவரும் போனார்கள். எக்ஸ்ரே முழு ஆட்டமும் நாலாம் எண்காரியை மட்டுமே பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. மில் அணி மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றது.

"பாத்தீங்களா அண்ணி, தோத்துட்டாங்க!"

"தோத்தது மத்த பத்துப் பேரு," என்று சொல்லி எழுந்தாள் எக்ஸ்ரே.