ஒரே பெட்டி

"பிரிச்சு எடு."

"மாட்டேன்."

"உன்கிட்ட கேக்கலடி, சொல்றேன். என் பொண்ணு அவங்க மண்ணுல..."

"உங்க பொண்ணா? நேத்து சாயங்காலம் கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடினது யாரு, நீங்களா?"

"நான் வாய்க்கால்ல குப்புறக் கிடந்தேன்! உசிரோட வந்ததே..."

"வந்துட்டீங்கல்ல. மெதுவாப் பேசுங்க. சுத்தி நாலு வீட்டுப் பிணம் கிடக்கு."

தோர்க்கெல் சுற்றிலும் பார்த்துக்கொண்டான். அவன் மனைவி ராக்னா அவனைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பாதிக் கூரைதான் மிச்சம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, ஊரில் செத்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரே போர்வைக்கடியில் இரண்டு சிறுமிகள். ஒருத்தி தேயா, இவர்களுடைய ஏழு வயது மகள். இன்னொருத்தி ஓலினா, தோர்க்கெலின் அண்ணன் ஹால்வருடைய மகள். கற்களை அகற்றியபோது இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன. கட்டிய கைகள் அப்படியே விறைத்துவிட்டன.

மின்னசோட்டாவில் அந்தச் சமவெளிக்குச் சுழல்காற்று புதிதல்ல. ஆனால் ஒரே பிற்பகலில் ஒன்றன்பின் ஒன்றாக இத்தனை இறங்கியதை யாரும் கண்டதில்லை. ஒன்று போயிற்று என்று மாட்டைத் தேடி வெளியே வந்தவர்களை அடுத்தது வாரிக்கொண்டு போனது. முழங்கால் உயரம் நின்ற கோதுமை, சிரைத்த தலை மாதிரி ஆகிவிட்டது.

அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷமாகிறது. வரப்புத் தகராறு இல்லை, பங்குத் தகராறும் இல்லை. கடவுள் ஒரு மனிதனை ரட்சிப்புக்குத் தேர்ந்தெடுக்கிறாரே, அவனுடைய விசுவாசத்தை முன்கூட்டிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கிறாரா, எதையுமே பார்க்காமலா? இதுதான் சண்டை. பாதிரியார்கள் ஆரம்பித்தார்கள், வீடுகள் தொடர்ந்தன. பார்த்துத்தான் என்ற ஹால்வர் கட்சிக்குப் பழைய தேவாலயம் போயிற்று. பார்க்காமல்தான் என்ற தோர்க்கெல் கட்சி எதிரே புதிதாக ஒன்று கட்டிக்கொண்டது. குன்றின் மேல் ஒரே கல்லறைத் தோட்டம்; நடுவில் முள்கம்பி இழுத்தார்கள்.

இறந்தவர்களைக் குளிப்பாட்டும் பார்ப்ரோ அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்கு இழுத்தா வராது, தம்பி. எலும்பு முறியும். நாளைக்கு இந்நேரம் உடம்பு தளர்ந்துடும். அப்ப வலிக்காம..." தான் சொன்னது அவளுக்கே கேட்டது போலும். "அப்ப சுலபமா வரும்."

"அப்ப நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும்" என்றான் தோர்க்கெல்.

"இந்த வெயில்லயா? ஈயை யார் ஓட்டறது, நீங்களா?" என்றாள் ராக்னா.

"அவங்க வாசல்ல கால் வைக்காதேன்னு சொல்லியிருந்தேன். சொன்னேனா இல்லையா? மானம் கறுத்ததைப் பார்த்ததும் பொண்ணைத் தூக்கிட்டு நேரா அந்த வீட்டுக்கு ஓடியிருக்க."

"அந்த வீட்லதான் நிலவறை இருக்கு. நம்ம வீட்ல என்ன இருந்துச்சு? இப்ப போய்ப் பாருங்க, அடுப்பு மட்டும் நிக்குது. அதைக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"சரி. அந்த நிலவறையில நீயும்தானே இருந்த? உன் மேல ஒரு கீறல் இல்லையே. எப்படி?"

பக்கத்து பெஞ்சில் அழுதுகொண்டிருந்த கிழவர்கூட அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"தென்மேற்கு மூலை" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஹால்வரின் மனைவி பிர்கித். ஒரு கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். "அதை என்னைக் கேளுங்க, கொழுந்தனாரே. பேப்பர்ல போட்டதுதானே, நீங்களும் படிச்சதுதானே? காத்து தென்மேற்குல இருந்து வரும், வீட்டைத் தூக்கி வடகிழக்கே போடும், அதனால தென்மேற்கு மூலையில ஒண்டிக்கோ. பாதிரியாருங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அங்க சின்னதுங்களுக்குத்தான் இடம் இருந்துச்சு. நல்ல இடத்தைப் பிள்ளைங்களுக்குக் கொடுத்தோம். வீடு நகர்ந்தப்ப அந்தச் சுவர்தான் முதல்ல விழுந்துச்சு."

"அக்கா, போதும்" என்றாள் ராக்னா.

"போதாது. அவருக்குத் தெரியணும்."

"நான் சொல்றேன்." ராக்னா இப்போதுதான் புருஷனை நேராகப் பார்த்தாள். "நான் நிலவறைப் படிக்குக் கீழ, உருளைக்கிழங்குக் குவியல் மேல உக்காந்தேன். அவ என் சட்டைக் கையை விடமாட்டேன்னுட்டா. 'அம்மா, உன்கூடவே இருக்கேன்'னா. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன். 'போ, ஓலினாவைப் பிடிச்சுக்கோ, என்ன ஆனாலும் விடாதே'ன்னு தள்ளிவிட்டேன். அவ ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்டிருக்காளா? பாலைக் குடின்னா பூனைக்கு ஊத்துவா. நேத்து கேட்டா. நான் சொன்ன மாதிரியே பிடிச்சுட்டிருக்கா. இப்ப போய் விடுன்னு நான் எப்படிச் சொல்றது?"

தோர்க்கெலின் தாடை அசைந்தது. "இது ஆண்டவர் காரியம், ராக்னா. அவர் தேர்ந்தெடுத்தபடிதான்..."

"எதையும் பார்க்காம. தெரியும். அந்த மூலையையும் பார்க்காமத்தான் தேர்ந்தெடுத்தாரோ?"

"வாயைக் கழுவு!"

வெளியே அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றது. பிர்கித் கதவோரம் சாய்ந்துகொண்டாள்.

"உங்க அண்ணன் பெட்டி அடிச்சு முடிச்சுட்டாரு. ஒரே பெட்டி, அகலமா. பலகை எதுன்னு கேளுங்களேன்."

அவன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான்.

"உங்க சர்ச்சு பெஞ்சுதான். காத்து தூக்கியாந்து எங்க சோளக்காட்டுல போட்டுட்டுப் போச்சு. உங்க சர்ச்சே எங்க மண்ணுக்கு வந்திருச்சு, கொழுந்தனாரே. உங்க பொண்ணு வரக்கூடாதா?"

பார்ப்ரோ அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; ஈரத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராக்னா போர்வையின் ஓரத்தைப் பிடித்து முழுவதும் விலக்கினாள். தேயாவின் முகம் ஓலினாவின் கழுத்தில் புதைந்திருந்தது. முடியில் சுண்ணாம்பு.

"பிரிக்கணும்னா நீங்களே பிரிங்க. கலப்பை பிடிக்கிற கைதானே. நான் தடுக்கமாட்டேன். கண்ணை மூடவும் மாட்டேன்."

அவன் குனிந்தான். மகளின் மணிக்கட்டைப் பிடித்தான். ஒரு விரலை நிமிர்த்தப் பார்த்தான். மெல்ல, பிறகு கொஞ்சம் அழுத்தி. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டு, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டான். சுத்தியலோடு நின்ற அண்ணனைக் கடந்துதான் போனான்.

ஹால்வர் உள்ளே வந்தார். "என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல, மாமா" என்றாள் ராக்னா. "பெட்டியைக் கொண்டாங்க."

அவள் அந்த விரலை மட்டும் மறுபடி மடக்கி, ஓலினாவின் தோளில் பொருத்தி வைத்தாள். அது நிற்கவில்லை. தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டினாள்.

சாயங்காலத்துக்கு முன்பே குன்றுக்கு எடுத்துப் போனார்கள். கம்பிக்கு ஹால்வர் கட்சிப் பக்கம் குழி வெட்டியிருந்தது. தோர்க்கெல் கட்சிப் பாதிரியார் பக்கத்து ஊரில் இருந்தார். அங்கேயும் காற்று போயிருந்தது, அங்கேயும் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஹால்வர் கட்சிப் பாதிரியார்தான் வேதம் வாசித்தார். கம்பிக்கு அந்தப் பக்கம், தன் கட்சி மண்ணில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தோர்க்கெல் நின்றான். எப்போது வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. பாட்டுப் பாடும்போது அவன் வாய் அசையவில்லை.

பாதிரியார் மூன்று பிடி மண் போட்டார். மீதியைப் போட்டு மூடுவது வீட்டு ஆண்களின் வேலை; முதலில் தள்ளுவது பெற்ற தகப்பன். அந்த ஊர்களில் அப்படித்தான். ஹால்வர் ஒரு மண்வெட்டி அளவு தள்ளினார். மண் பலகையில் விழுந்து உருண்டது. அவர் நிறுத்திக்கொண்டார்.

"என்னங்க?" என்றாள் பிர்கித்.

"பெட்டியில பாதிதான் என்னுது" என்றார். இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கம்பி வரை நடந்து, அதன் மேல் பிடியை நீட்டினார். "டேய். வா."

தோர்க்கெல் நகரவில்லை. கூட்டத்தில் ஒருவர் இருமினார். கடைசியில் ஹால்வர் மண்வெட்டியைக் கம்பியில் சாய்த்துவைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ராக்னா போய் அதை எடுத்தாள். கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரு முழ தூரத்தில் இருவரும். அவன் கண் அவளைத் தாண்டிக் குழியின் மேலேயே இருந்தது.

"உங்க பங்கு மண்ணு அப்படியே கிடக்கு" என்றாள் ராக்னா. "வந்து போடறீங்களா, இல்ல நானே போட்டு மூடட்டுமா?"