ஓவர்டிரைவும் எங்கள் தெரு மேடும்

கருகிய கிளட்ச் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும். தினமும் பஸ் ஓட்டுகிறவள் நான். ஆனால் வீட்டில் கணவர் கியரைப் பற்றிப் பேசினால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் படித்திருக்கிறாராம், செல்போனில்!

அந்தப் பழைய கார் என் அப்பாவுடையது. நெடுஞ்சாலையில் கொஞ்சம் விரட்டினாலே இன்ஜின் காட்டுக்கத்தல் போடும். காது மந்தமான அப்பாவுக்கு, அந்தச் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் கத்தினாலும் கேட்காது. படுக்கையில் கிடக்கும் பெரியப்பாவைப் பார்க்க அந்தக் காரிலேயே போக வேண்டும், வழி நெடுக என்னோடு பேசிக்கொண்டே போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மூன்று மணி நேர வழி. என்னிடம் அவர் வேறெதுவும் கேட்டதில்லை. இன்ஜின் சத்தத்தைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று கணவர் கிளம்பினார்.

"ஓவர்டிரைவ் மட்டும் போடுங்க, போதும். டாப் கியர்ல அதைத் தட்டினா இன்ஜின் நிதானமா சுத்தும்," என்றேன். "பின் அச்சு பல்சக்கரத்துல கை வைக்காதீங்க. அதை மாத்தினா முதல் கியருக்கும் இழுவை போயிடும். நம்ம தெரு மேட்டை மறந்துடாதீங்க."

"ரெண்டையும் மாத்தினா ரெண்டு மடங்கு அமைதி. உனக்கு பஸ்தான் தெரியும். இது கிளாசிக்!"

கிளாசிக்காம். தூ!

மாற்றினார். ஒர்க்‌ஷாப் மெயின் ரோட்டில் இருந்தது. ஓட்டிப் பார்த்தது சமதளத்தில், வீடு வந்தது இறக்கத்தில். அக்கம்பக்கம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்து சோபாவில் சாய்ந்தார்.

கிளம்பும் நாளில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விடிந்ததிலிருந்தே தயாராக இருந்தார். பின் சீட்டில் அவர் பக்கத்தில் நான், ஸ்டியரிங்கில் கணவர். பாதி மேட்டில் வண்டி முதல் கியரிலேயே திணறியது. இவர் கிளட்சைப் பாதி மிதித்தபடி இன்ஜினை உறும வைத்தார். தரையடியிலிருந்து புகை வந்தது. அந்த நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டு குமட்டியது. இன்ஜின் அடங்கி, வண்டி நின்றது.

அப்போதாவது வாயை மூடினாரா?

"மாமா கொஞ்சம் வெயிட் போட்டுட்டாரு போல. மாமா, நீங்க இறங்கி மேல வரைக்கும் நடந்து வாங்களேன்."

எண்பது வயது மனிதர் கைத்தடியைத் தேடினார். சீ, இந்த ஆளோடா இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன்? அருவருப்பாக இருந்தது.

"அப்பா, நீங்க உக்காருங்க. ஏங்க, நீங்க இறங்குங்க! போய் ஒரு டாக்ஸி பிடிச்சிட்டு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். போகிற போக்கில் பானெட்டை வேறு துடைத்துவிட்டுப் போனார்.

அப்பா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "மாப்பிள்ளை சொன்ன மாதிரி சத்தமே இல்லம்மா. இப்ப நீ பேசுறது நல்லா கேக்குது. பேசு."

மூன்று மணி நேரத்துக்கான பேச்சைச் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது.