அறையின் அரை நிமிடம்

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருக்க, அந்த அறையின் மௌனத்தை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்வார்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அந்த மௌனத்தால் நிரப்புவார்கள்.

இயக்குநர் இருபது வருஷம் பத்திரிகையில் ஊழல்களைத் துருவி எழுதியவர். அவருடைய முதல் படம், அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பழைய செய்தியைப் பற்றியது. ஒரு தொழிற்சாலை ஆற்றில் விஷக் கழிவைக் கொட்டியது. ஆதாரக் காகிதங்களைக் கொடுத்தவர் அங்கிருந்த காவலாளி. செய்தி வந்த பத்தாம் நாள் அவர் கழிவுத் தொட்டியில் பிணமாக மிதந்தார். அவருடைய மனைவியைத்தான் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேட்டி எடுத்திருந்தார் இயக்குநர்.

அந்த அரை நிமிடத்தை ஓடவிட்ட எடிட்டர் பெண் சிரித்தாள்.

"வாயத்தான் அடக்க மாட்டீங்க, கையையாவது அடக்கக் கூடாதாண்ணா? மேசையத் தட்டியிருக்கீங்க."

"நான் தட்டலம்மா."

மறுபடி ஓடவிட்டாள். டக், டக், டக். படத்தில் இயக்குநரின் கை மடியில் இருந்தது. அந்த அம்மாவின் கையும் மடியில்தான். மேசைமேல் யார் கையும் இல்லை. எடிட்டரின் சிரிப்பு நின்றுபோனது.

"அழிச்சிடவாண்ணா?"

"வேண்டாம்."

காவலாளிக்கு வலது கையில் மூன்று விரல்கள்தான். காகிதங்களைக் கொடுத்த அன்று அவற்றால் மேசையைத் தட்டி, "என் பேரு மட்டும் வரக் கூடாது தம்பி" என்றார். பேரை இயக்குநர் எழுதவில்லை. ஆனால் வரிக்கு உயிர் வேண்டுமென்று, மூன்று விரல் கை ஒன்று காகிதங்களை நீட்டியதாக எழுதினார். தொழிற்சாலையில் அப்படி ஒரே ஒரு கைதான் இருந்தது.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அந்த அம்மா விலகிவிடுவாள். படமும் போகும், பேரும் போகும்.

மறுநாள் காலை கேமராப் பையோடு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் அந்த ஒலியைக் கேட்க வைத்தார். அவள் பதறவில்லை. எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"தாகம்னா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு தம்பி. இப்படித்தான் தட்டுவாரு. தெனமும் வைப்பேன். நீங்க வந்த அன்னிக்குத்தான் மறந்துட்டேன்."

டம்ளரில் தண்ணீர் லேசாக நடுங்கி அடங்கியது.

"அக்கா, அந்த விரலைப் பத்தி எழுதினது நான்தான். அதை வச்சுத்தான் அவரைக் கண்டுபிடிச்சாங்க."

அவள் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேமராவப் போடுங்க. இத என்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது." இயக்குநர் கேமராவை எடுக்க எழுந்தார். அவள் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "மொதல்ல இதக் குடிங்க. குரலே வரல உங்களுக்கு."

"அவருக்கு வச்சதாச்சே அக்கா."

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. குடிங்க."

தப்பு செய்தவனின் வறண்ட தொண்டையையும் கவனிக்கிற மனசை ஆண்டவன் யாருக்காவது கொடுத்துத்தான் வைக்கிறான்.

டம்ளரின் வெளிப்புற ஈரத்தில் ஏற்கெனவே மூன்று விரல்களின் தடம் இருந்தது. அந்தத் தடங்களின் மேலேயே தன் விரல்களை வைத்து எடுத்துக் குடித்தார் இயக்குநர். பிறகு கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.